விலாசமும் நாற்பத்தைந்து அப்பாக்களும்

ஆபீஸ் நேரத்தில், சம்பளமும் வாங்கிக்கொண்டு, முதலாளி முதல் வாட்ச்மேன் வரை ஒருவரையும் விடாமல் "உங்கப்பா பேரு இன்னா?" என்று கேட்டுச் சண்டை போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ஆபீஸில் இருந்தார். எங்கள் ராசி அப்படி.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விலாசம். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் எங்கேயாவது இருந்திருக்கும், நான் தேடிப் பார்த்ததில்லை. நாற்பது வயது, சைதாப்பேட்டைக்காரர், கொத்தவரங்காய் உடம்பு. சட்டைப் பையில் மூன்று பேனாவும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருக்கும். ரேடியோ ரிப்பேர், டி.வி. ரிப்பேர் என்று கைவைத்துக் கைவைத்துக் கடைசியில் கம்ப்யூட்டரில் வந்து நின்றவர். காலேஜ் வாசலை மிதிக்காதவர். ஆனால் ஆபீஸில் எந்த மெஷின் படுத்தாலும் அவர் போய் அதன் வயிற்றைத் திறந்து ஊதினால் எழுந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் தலைமை ஆபீஸ். தண்ணீர் மோட்டாரும் பம்ப்பும் விற்கிற கம்பெனி. அடையாறில் ஷோரூம், மயிலாப்பூரில் சர்வீஸ் சென்டர். சென்னையில் தண்ணீர் கீழே போகப் போக எங்கள் முதலாளி மேலே போய்க்கொண்டிருந்தார். நான் பர்ச்சேஸ் செக்‌ஷனில் இருந்தேன்.

விலாசம் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். "ரகு, பர்ச்சேஸ், தி.நகர் ஆபீஸ், நம்ம கம்பெனி, இந்தியா! டீ சாப்ட்டியா நைனா?" என்பார். அவர் இந்தியாவுக்கு வந்து சேர்வதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும்.

"இந்தியாவையாவது விட்டுடுங்களேன் சார். நான் எங்கேயும் போகல" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"ரகுன்னா எத்தினி ரகு கீறான் தெரியுமா? மாம்பலம் ஸ்டேஷன்ல நின்னுகினு ரகுன்னு ஒரு சவுண்டு வுடு. பத்து பேர் திரும்புவான். முழுசா சொன்னா ஒருத்தன்தான் திரும்புவான்."

"முழுசா சொன்னா ரயில்வே போலீஸும் திரும்பும் சார்."

"திரும்பட்டுமே. அவனுக்கும் ஒரு என்ட்ரி போட்டுடலாம்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

இந்த வியாதி அவருக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் காலூன்றியவர். அந்த வருடங்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் நம்பர்களை மாற்றி மாற்றி விளையாடின. முன்னால் ஒன்றைச் சேர்ப்பார்கள், நடுவில் இரண்டை மாற்றுவார்கள். எங்கள் ஆபீஸில் மேஜைக்கு ஒரு டயரி, டயரிக்கு ஒரு அடையாறு நம்பர். ஒருநாள் முதலாளி தன்னுடைய சொந்த ஷோரூமுக்கு ஃபோன் போட்டார். மூன்று தடவையும் ஒரு கல்யாண சமையல்காரர் வீட்டில் போய் விழுந்தது. மூன்றாவது தடவை அந்தச் சமையல்காரர் ரொம்பப் பணிவாக, "எத்தனை இலைக்குங்க?" என்று கேட்டாராம்.

முதலாளி போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினோம். "ஏம்லே, என் கடைக்கு நான் பேசணும்னா எவன்கிட்டலே நம்பரு கேக்கணும்?"

விலாசம் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "மொதலாளி, இதுக்கு டைரக்டரி சர்வர்னு ஒண்ணு கீது. ஒரே ஒரு மிசின்ல எல்லார் பேரு, நம்பரு, விலாசம் அல்லாத்தையும் எழுதி வெச்சிடணும். மத்த மிசினுங்கோ யாரு நம்பர் வேணும்னாலும் அதாண்ட கேட்டுக்கும். இங்க ஒருவாட்டி மாத்துனா அடையாறுலயும் மாறிடும், மயிலாப்பூர்லயும் மாறிடும்."

"எத்தன நாளாவும்?"

"ஒரே வாரம்."

அந்த வாரம் நாலு மாதம் நடந்தது.

ஸ்டோர் ரூமில் ஆணியும் நட்டும் வைத்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தார். மூடி போடாமல் திறந்தே வைத்தார். அக்கவுண்டண்ட் மேஜையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் வைத்தார். சித்திரை மாதம். அக்கவுண்டண்ட் வேர்வையில் குளித்துக்கொண்டே வந்து, "விலாசம், ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பக் கூடாதா? மெஷினுக்கு வேர்க்கவா போகுது?" என்றார்.

"உனக்கு வேர்த்தா தொடச்சிக்குவ. அதுக்குக் கை கீதா?" என்று கேட்டார் விலாசம்.

அடுத்து சுவரில் ஒரு பெரிய சார்ட் தாளை ஒட்டி ஒரு மரம் வரைந்தார். தலைகீழ் மரம். வேர் மேலே, இலை கீழே. உச்சியில் இந்தியா, அதற்குக் கீழே கம்பெனி, அதிலிருந்து தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் என்று மூன்று கிளை, கிளையின் நுனியில் நாங்கள். "ஆபீஸ்ல கீற ஒவ்வொருத்தனும் ஏதாவது ஒரு கிளைல தொங்கியே ஆவணும். தொங்காதவன் ஆபீஸ்லயே இல்லன்னு அர்த்தம்" என்று அறிவித்தார்.

"நாங்க என்ன வௌவாலா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அந்த மனுஷனை அவர் இரண்டு வாரம் எந்தக் கிளையிலும் சேர்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஏழரை ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் மெஷின் அறையிலிருந்து, "ஆள ஏத்துக்க மாட்டேங்குதுபா!" என்று அலறல். என்னவென்றால், அந்த மென்பொருளை எழுதிய வெள்ளைக்காரன், ஒரு மனிதன் என்றால் அவனுக்குப் பெயரும் இருக்க வேண்டும், சர்நேமும் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருந்தான். சர்நேம் இடம் காலியாக இருந்தால், அப்படி ஒரு ஆளே கிடையாது என்று மெஷின் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்கள் ஆபீஸில் நாற்பத்தாறு பேர். நாற்பத்தாறு பேரிடமும் இனிஷியல் இருந்தது. ஒருத்தரிடமும் சர்நேம் இல்லை.

விலாசம் இரண்டு நாள் யோசித்தார். இனிஷியல் என்றால் அப்பா பெயர்தானே, அதையே முழுசாகப் போட்டுவிடலாம் என்று முடிவுக்கு வந்தார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகக் கிளம்பினார்.

வாட்ச்மேன் முனுசாமி முதல் பலி. "இன்னாத்துக்கு சார் எங்கப்பன இஸ்துகினு வர்ற? அந்தாளு செத்து பாஞ்சி வருசமாவுது. பம்ப்புக்கும் அந்தாளுக்கும் இன்னா சம்மந்தம்?"

"நீ மரத்துல ஏறணும்னா உங்கப்பன் கை குடுக்கணும் முனுசாமி."

"அந்தாளு உயிரோட கீறப்பவே கை குடுக்கல சார்."

டெலிபோன் ஆபரேட்டர் ஜெயா மேடத்திடம் விஷயம் வேறு மாதிரி போயிற்று. "கல்யாணத்துக்கு முன்னாடி ஆர். ஜெயா. அப்புறம் கே. ஜெயா. இப்ப யார் பேரைப் போடப் போறீங்க? எங்கப்பாவா, வீட்டுக்காரரா?"

"ரெண்டு பேர்ல யாரு ஒஸ்தி?"

ஜெயா மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். "என்னை வளர்த்து ஆளாக்கினது எங்கம்மா. சரஸ்வதின்னு போடுங்க." மெஷின் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த ஹெட்மாஸ்டர் இதற்கு ஒப்பியிருக்க மாட்டார்.

அப்புறம் என் மேஜைக்கு வந்தார்.

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மயிலாப்பூர்ப் பையன். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அம்மா முன்பே போய்விட்டாள். நான் செல்வியைக் காதலித்தேன், அவள் எங்கள் ஜாதி இல்லை. விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு அப்பா, "அப்போ நீ எங்காத்துப் பிள்ளை இல்லை" என்றார். நானும் ரோஷமாக "சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். கே.கே. நகரில் ஒரு மாடி போர்ஷனில் குடித்தனம். இரண்டு வருடம் ஓடிவிட்டது. செல்வியின் வீட்டிலும் இதே கதைதான், அவர்கள் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு கோபப்பட்டார்கள், அவ்வளவு வித்தியாசம். இப்போது செல்விக்கு ஏழாவது மாதம். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தினமும் தோன்றும். ஆபீஸ் ஃபோனை எடுத்து ஆறு நம்பர் போட்டுவிட்டு, ஏழாவது நம்பருக்கு விரல் போகாமல் கீழே வைத்துவிடுவேன்.

"சர்நேம்?" என்றார் விலாசம்.

"கிடையாது சார்."

"அப்பா பேரு?"

"எனக்கு அப்பா இல்லை."

விலாசத்தின் பேனா தாழ்ந்தது. குரலும் தாழ்ந்தது. "எப்ப தவறினாரு நைனா?"

"தவறல. மயிலாப்பூர்ல இருக்காரு."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த கேள்விக்குப் போனார். "ஊட்டு போன் நம்பரு?"

கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் நம்பரைச் சொல்லி, "பி.பி." என்றேன். அந்தக் காலத்தில் ஃபோன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, பி.பி. என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்வோம். அவர்கள் மாடிப்படியில் நின்று கூவினால் நாம் ஓட வேண்டும்.

"அது அவன் நம்பரு. உன் நம்பர் இன்னா?"

"அதான் சார் என் நம்பர்."

"ஊட்டு நம்பர் இல்லாம மிசின் ஏத்துக்காதுபா" என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் மரத்தைத் திறந்து வைக்கும் நாள் வந்தபோது என்னையும் எப்படியோ ஏற்றிவிட்டிருந்தார். முதலாளி தேங்காய் உடைத்தார். எல்லோருடைய மெஷினிலும் பட்டியல் வந்தது. அதில் ஒரு பெயரைத் தட்டினால் கடிதமும் மெஷின் வழியாகவே அந்த ஆளுக்குப் போய்விடும். அங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வெள்ளைக்காரன் மென்பொருள் சர்நேமை முதலில் போட்டு, அதை வைத்து வரிசைப்படுத்தியது. அதாவது எங்கள் ஆபீஸ் முழுவதும் அப்பாக்கள் பெயரில் நின்றது. தேடுகிறவன் ஆளைத் தேட முடியாது, ஆளின் அப்பாவைத்தான் தேட வேண்டும்.

நம் ஊரில் தெருச் சண்டைக்கு இழுக்க வேண்டுமானால் ஒருவனை அவன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். எங்கள் ஆபீஸில் அது தினசரி அலுவல் ஆகிவிட்டது. மூன்றாவது நாள் மேனேஜர், பக்கத்தில் முதலாளி நிற்பதைக் கவனிக்காமல், "அந்த லெட்டரை சுடலைமுத்துவுக்கு அனுப்பியாச்சா? சுடலைமுத்து ஓகே சொன்னாத்தான் சரக்கு எடுக்கணும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். சுடலைமுத்து என்பது முதலாளியின் அப்பா. அவர் படத்துக்கு மாலை போடாமல் முதலாளி காப்பிகூடக் குடிக்க மாட்டார்.

"எவம்லே எங்க அய்யாவைப் பேர் சொல்லிக் கூப்புடுதவன்?" மேனேஜர் மேஜைக்கடியில் போகப் பார்த்தார்.

விலாசம் வந்து திரையைக் காட்டி விளக்கினார். முதலாளி குனிந்து பார்த்தார். அந்தச் சின்ன எழுத்தில் தன் அப்பா பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அய்யா இந்தப் பொட்டிய எல்லாம் பாத்ததே இல்ல" என்றார். "சரி, இருந்துட்டுப் போட்டும். மரியாதையாக் கூப்பிடச் சொல்லு." அன்றிலிருந்து மேனேஜர், "சுடலைமுத்து அய்யாவுக்கு ஒரு காப்பி அனுப்புங்கோ" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அதோடு விட்டதா? ஆபீஸில் சுப்பிரமணியனுக்குப் பிறந்தவர்கள் மட்டும் ஏழு பேர். பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று புகார் வந்தது. அதை மயிலாப்பூர் மெக்கானிக் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவர் அப்பா சுப்பிரமணியன். தட்டியதும் திரையில் ஏழு சுப்பிரமணியன் வந்து நின்றார்கள். ஷோரூமில் இருந்த பெண், எதற்கு வம்பு என்று ஏழு பேருக்கும் அனுப்பிவிட்டாள். கீழே முதலாளி பெயரில் 'உடனே போகவும்' என்று வேறு இருந்தது. ஏழு பேரும் போனார்கள். ஒருவர் கேஷியர், ஒருவர் டைப்பிஸ்ட், ஒருவர் லோடு ஏற்றுகிறவர். அந்த வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, ஏழு பேரைப் பார்த்து, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்து அழ ஆரம்பித்துவிட்டாராம். கடைசியில் மோட்டாருக்கு ஒன்றுமில்லை, ஸ்விட்ச் போடவில்லை.

என் நிலைமை இதைவிட மோசம். சர்நேம் தராத எனக்கு விலாசம் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார். வெறும் முற்றுப்புள்ளி. மெஷின் கணக்கில் புள்ளி எல்லா எழுத்துக்கும் முன்னால் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தாறு பேர் பட்டியலில் முதலாளிக்கும் மேலே, முதல் ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். அவசரத்தில் எவனெவன் கை தவறித் தட்டினாலும் கடிதம் எனக்கு வரும். அடையாறின் லீவ் லெட்டர் எல்லாம் எனக்கு. மயிலாப்பூரின் புகார்கள் எனக்கு. ஒருநாள் முதலாளி தன் மகனுக்குப் பெண் பார்க்கிற ரகசியக் கடிதம் எனக்கு வந்தது. பையனுக்குச் செவ்வாய் தோஷம் என்ற விஷயம் அன்று மத்தியானமே பர்ச்சேஸ் செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, படித்தபோது கொஞ்சம் வாய்விட்டுப் படித்துவிட்டேன்.

முதலாளி விலாசத்தைக் கூப்பிட்டார். "எனக்கு மேல ஒருத்தன் புள்ளியா நிக்கானே, அவன் யாரு?"

"அது ரகு, பர்ச்சேஸ், தி.நகர் ஆபீஸ்..."

"இந்தியாவெல்லாம் வேண்டாம்வே. திங்கக்கிழமை நான் வரும்போது அந்தப் புள்ளி இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா புள்ளி வச்ச ஆளு இருக்க மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் விலாசம், என் பழைய வேலை விண்ணப்பத்தில் இருந்த நிரந்தர விலாசத்தை எழுதிக்கொண்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சைதாப்பேட்டையில் பஸ் ஏறி மயிலாப்பூர் போய்விட்டார்.

அங்கே நடந்ததை விலாசம் ஒரு மாதிரியும், பின்னால் அப்பா ஒரு மாதிரியும் சொன்னார்கள். இரண்டையும் கூட்டிக் கழித்து நான் தெரிந்துகொண்டது இது.

அப்பா கதவைத் திறந்து, "யாரு?" என்று கேட்டிருக்கிறார். விலாசம் வாசலிலேயே நின்று தன் பெயர், செக்‌ஷன், ஆபீஸ், கம்பெனி, இந்தியா என்று ஒரு மூச்சில் ஒப்பித்திருக்கிறார். அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்ன இது, அபிவாதயே சொல்ற மாதிரின்னா சொல்றேள்!"

"அது இன்னா சார்?"

எங்கள் வீடுகளில் பெரியவர்களை நமஸ்காரம் செய்தால் சும்மா எழுந்துவிட முடியாது. ரிஷிகள் யார், என்ன கோத்திரம், என்ன சூத்திரம், என்ன வேதம் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில்தான் நம் பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா வாத்தியார் அல்லவா, காதைப் பிடித்துக்கொண்டு சொல்லியே காட்டியிருக்கிறார். விலாசம் பரபரவென்று பேனாவை எடுத்துத் தன் நோட்டில் ஒரு மரம் போட்டிருக்கிறார்.

"சார், இது அப்டியே எங்க மிசின் சார்! ஆனா நீங்க வேர்லேர்ந்து கிளம்பி எலைக்கு வர்றீங்கோ. நாங்க எலைலேர்ந்து கிளம்பி வேருக்குப் போறோம். ரூட்டு ஒண்ணுதான்."

அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தானே காப்பி கலந்து கொடுத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் இன்னொரு டம்ளர் காப்பி கலந்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் சொன்னார். அதன் பிறகு, "என்ன காரியமா வந்தேள்?" என்று கேட்டிருக்கிறார்.

"ரகுவோட ஊட்டு நம்பர் வேணும் சார்."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ரகுன்னு இங்க யாரும் இல்லை."

"அவனும் எனக்கு அப்பா இல்லன்னுதான் சொல்லிகினு கீறான். ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசறீங்கோ. அப்பா புள்ளதான், டவுட்டே இல்ல."

விலாசம் காப்பியைக் குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அப்பாவே, "எழுதிக்கோங்கோ" என்று நம்பரைச் சொன்னார். "ஆனா ஒண்ணு. அவன் கூப்பிட்டா நான் பேச மாட்டேன்."

"நீங்க பேசவே வேணாம் சார். நம்பர் மட்டும் அங்க இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலையில் என் மெஷினைத் திறந்தால் புள்ளியைக் காணோம். நான் பட்டியலின் கடைசிக்குப் போயிருந்தேன். வெங்கட்ராமன், ரகு. அதற்குப் பக்கத்தில் வீட்டு நம்பர் என்று, நான் ஆறு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிற அந்த நம்பர், முழுதாக ஏழு இலக்கமும்.

எனக்கு வந்த கோபத்தில் மெஷின் அறைக்குள் செருப்போடு போய்விட்டேன். "யாரைக் கேட்டு எங்கப்பா கிட்டப் போனீங்க? உங்களுக்கு என்ன சார் வேலை அங்க? இப்பவே அந்த நம்பரை அழிங்க!"

விலாசம் டேபிள் ஃபேனைச் சரிசெய்துகொண்டே, "அழிக்கலாம் நைனா. பாஸ்வேர்டு மறந்துட்டேன்" என்றார்.

"காலைல என் பேரை மாத்தும்போது ஞாபகம் இருந்துதா?"

"அப்ப இருந்துச்சி. அதுக்கப்புறம்தான் மறந்துச்சி."

நான் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. அவர் பாட்டுக்குத் தினமும், "ரகு, பர்ச்சேஸ், தி.நகர் ஆபீஸ்" என்று ஆரம்பித்து இந்தியா வரை போய்த் திரும்புவார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள். செல்விக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தாமிரக் கம்பி வாங்குவதற்காக என்னை அம்பத்தூருக்கு அனுப்பியிருந்தார்கள். கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தார். காலை பத்தரைக்குச் செல்விக்கு வலி எடுத்துவிட்டது. முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் ஆபீஸுக்கு ஃபோன் செய்து, "அவரை உடனே வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நிற்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஜெயா மேடம் அம்பத்தூர் ஃபேக்டரிக்கு அடித்தார். நான் அங்கிருந்து கிளம்பி இன்னொரு இடத்துக்குப் போயிருந்தேன். செல்போன் எல்லாம் முதலாளிகளிடம் இருந்த காலம். பாவம், ஜெயா மேடத்துக்கு என் கதை எதுவும் தெரியாது. புருஷன் கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்காவது சொல்வோம் என்று விலாசத்தின் பட்டியலைத் திறந்து, என் பெயருக்கு எதிரே இருந்த வீட்டு நம்பரைப் போட்டுவிட்டார்.

மறுமுனையில் அப்பா எடுத்தார்.

"ஹலோ, ரகு சார் வீடுங்களா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஜெயா மேடம் வைக்கப் போன நேரத்தில் அப்பா, "ஆமாம்" என்றார். "ரகு ஆத்துலேர்ந்துதான் பேசறேன். சொல்லுங்கோ."

ஜெயா மேடம் விஷயத்தைச் சொன்னார். அப்பாவுக்கு என் வீடு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டே முகவரியைக் கேட்டிருக்கிறார். ஜெயா மேடம் திரையைப் பார்த்துப் படித்தார். கே.கே. நகர், தெரு, நம்பர், மாடி, பச்சை கேட், பக்கத்தில் மாவு மில், கீழ் வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது. நாயைப் பற்றி எல்லாம் நம்ம ஆள் எப்போது சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது.

அப்பா ஆட்டோ பிடித்துப் போய்ச் செல்வியை அசோக் நகர் நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டார். நான் விஷயம் தெரிந்து அங்கே ஓடி வந்தபோது மணி நாலு. வராந்தா பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார், தையல் வெளியே தெரிந்தது. அவர் பக்கத்தில் விலாசம், மடியில் நோட்டோடு.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்னடா, பிள்ளைத்தாச்சிப் பொண்ணை ஆத்துல வெச்சுண்டு, ஒரு ஃபோன் கூட இல்லாம என்ன குடித்தனம் பண்ணிண்டிருக்கே?"

"அப்ளை பண்ணியிருக்கேன்பா."

"எப்போ?"

"போன வருஷம்."

"ரிமைண்டர் போட்டியோ?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது டெலிபோன் இலாகாவைப் பற்றி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. பிடிக்கவும் செய்தேன், அழவும் செய்தேன். விலாசம் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை ரொம்ப அக்கறையாகப் படித்தார்.

பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்ததும் விலாசம் முதல் ஆளாகப் போய் எட்டிப் பார்த்தார். "பேரு?"

"இப்பத்தானே சார் பிறந்திருக்கு!"

"பரவால்ல. சர்நேம் ரெடியா கீது. மெட்ராஸ்லயே சர்நேம் மொதல்ல வந்து பேரு பின்னால வர்ற மொத ஆளு நம்ம பாப்பாதான்" என்று சொல்லி நோட்டில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டார். அப்பா என் காதருகே வந்து, "யாருடா இவர்? நன்னா இருக்காரோன்னோ?" என்று கேட்டார். புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்டாரா, நல்ல மனிதர் என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்பா அதன் பிறகு பதினோரு வருடம் இருந்தார், பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. விலாசம் இரண்டு வருடத்தில் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். ஹைதராபாத் என்றார்கள், துபாய் என்றார்கள். சைதாப்பேட்டையில் அவர் இருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். அங்கே கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

என் பெண் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்தக் கதையை முதன்முறையாக அவளிடம் முழுசாகச் சொன்னேன். சர்நேம் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டு நம்பர் இல்லாட்டியும் மெஷின் ஏத்துக்காதுன்னு சொல்லிட்டார்ம்மா. அதுக்காகத்தான் தாத்தாகிட்டப் போனார்" என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"இல்லப்பா. பேரும் சர்நேமும்தான் கட்டாயம். ஃபோன் நம்பரைக் காலியா விட்டாலும் அது ஏத்துக்கும். சர்நேம்லகூட எதையாவது அடிச்சிருக்கலாம். உன் பேரையே ரெண்டு தடவை போட்டிருந்தாலும் போதும்."

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்வது சரிதான். வாட்ச்மேன் முனுசாமி வீட்டில் ஏது ஃபோன்? அவரை மெஷின் ஏற்றுக்கொண்டதுதானே? முதலாளி எடுக்கச் சொன்னது ஒரு புள்ளியை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நிமிஷத்தில் அதை எடுத்திருக்கலாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு யார் போகச் சொன்னது?

பாவி மனுஷன், இத்தனை வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறார். நேரில் கிடைத்தால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாடு போட வேண்டும்.